காது வைத்த பக்கம்

தையற்கடை இரண்டு ஆள் அகலம்தான். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வாசலிலிருந்தே கண்ணால் அளந்துவிட்டார்.

"கண்ணாடி, சக்கர நாற்காலியை எடு."

வண்டியின் மருத்துவ உதவியாளரான அவள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

தையற்காரர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசிக்கு அடியில் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டை பாதியில் நின்றிருந்தது. கழுத்தில் அளவு நாடா. நெற்றி வியர்வை நாடா வழியாக இறங்கி நுனியிலிருந்து சொட்டியது. வலது கையை முஷ்டியாக மடக்கி வலது மார்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி. ஒரு கையில் சோடா பாட்டில். மறு கையின் விரலிடுக்கில், வைத்துத் தைக்க எடுத்த பட்டன் ஒன்று அப்படியே இருந்தது.

"வாயுதாங்க," என்றார் மனைவி. "காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்காரு. சோடா குடுத்துப் பார்த்தேன், கேக்கல. வலது பக்கம்தானே, ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் மனசு கேக்காம போன் பண்ணிட்டேன்."

"பண்ணினதுதான் சரி," என்றாள் அவள். "ஐயா, வலி எப்படி இருக்கு? குத்துதா, எரியுதா?"

தையற்காரர் யோசித்தார். "அயர்ன் பாக்ஸை நெஞ்சு மேல வச்சுட்டு யாரோ டீ குடிக்கப் போயிட்ட மாதிரி இருக்கு."

"போனவர் இன்னும் வரலையா?"

"வர மாட்டேங்கறான்."

"வேற எங்கயாவது போகுதா வலி?"

அவர் இடது கையால் காட்டினார். வலது தோள், வலது கையின் உள்பக்கம், சுண்டுவிரல். பிறகு தாடை.

"மூச்சை இழுத்தா கூடுதா?"

"இல்ல."

அவள் வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தினாள். "இங்க அழுத்தினா?"

"நீங்க அழுத்தறதே தெரியல."

அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் சோடா பாட்டிலை மனைவியின் கையிலிருந்து மெல்ல வாங்கி ஓரமாக வைத்தார். கனம், வியர்வை, தாடை, சுண்டுவிரல். இதெல்லாம் இதயம் பேசுகிற பேச்சு. பக்கம் மட்டும்தான் இடித்தது.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, வயிற்றுப்புண் உண்டா என்று கேட்டுவிட்டு மாத்திரையைக் கொடுத்தாள். "மென்னு முழுங்குங்க."

"கசக்குது."

"இனிச்சா உங்களுக்கு முன்னாடி நான் தின்னிருப்பேன்."

நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கடை வாசலில் தெரு கூடியிருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓட்டுநர் தோளால் வழி உண்டாக்கினார்.

அவள் கண்ணாடி போடுவதில்லை. அந்தப் பெயர் வந்த கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளிக்கு ஈசிஜி எடுக்கும்போது வலது மணிக்கட்டுக்கான சிவப்பு வயரை இடதிலும், இடதுக்கான மஞ்சள் வயரை வலதிலும் மாட்டிவிட்டாள். படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக வந்தது. அதை அப்படியே இதய மருத்துவமனைக்கு அனுப்பியும் விட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா போனில் வந்தார். "இந்த ஆளுக்கு இதயம் வலது பக்கமா, இல்ல உனக்கு வலது இடது தெரியாதா?" சாயங்காலத்துக்குள் நிலையம் முழுக்க அவள் பெயர் கண்ணாடி ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளத்தன்றுதான் கேட்பாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பொத்தானை அமுக்கும் முன் சிவப்பைத் தொட்டு, "வலது," என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். சாமி கும்பிடுவது போல ஓட்டுநர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

வண்டிக்கதவு மூடியது. தெருச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மனைவி முன்னிருக்கையில் ஏறிக்கொண்டு, இடையில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஓட்டுநர் சாவியைத் தொடவில்லை. என்ஜின் ஓடினால் வண்டி நடுங்கும். வண்டி நடுங்கினால் கோடும் நடுங்கும். நடுங்கிய கோட்டில் எதையும் படிக்க முடியாது.

"ஏங்க கிளம்பல?" என்றார் மனைவி.

"எங்க போறதுன்னு தெரிஞ்சதும் கிளம்பிடலாம்மா. கொஞ்சம் பொறுங்க."

"தெருமுனையிலயே ஆஸ்பத்திரி இருக்கே!"

இருக்கிறது. காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும் நல்ல ஆஸ்பத்திரி. ஆனால் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் வசதி அங்கே இல்லை. அது பாலத்துக்கு அந்தப் பக்கம், இதய மருத்துவமனையில்தான். அடைப்பு என்றால் இவரை நேராக அங்கே கொண்டு போக வேண்டும். தெருமுனையில் இறக்கி, அவர்கள் பார்த்து, மறுபடி வண்டி பிடித்துப் பாலம் தாண்டுவதற்குள் இதயத்தில் பாதி செத்துப்போயிருக்கும். அடைப்பு இல்லை என்றால், வாயுவுக்காக அங்கே டாக்டர்கள் கூட்டத்தையே கையுறை மாட்டி நிற்க வைக்க முடியாது. எந்தப் பக்கம் என்பதை இந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அவள் அவருடைய விலா எலும்புகளை மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்து, ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக இடது மார்பில் ஒட்டினாள்.

"அளவு எடுக்கறீங்களாம்மா?"

"ஆமா."

"லூசா வைங்க. பண்டிகை வந்தா குண்டாயிடுவேன்."

"பேசாம, அசையாம படுங்க ஐயா. ஒரு நிமிஷம்."

சிவப்பைத் தொட்டாள். வலது. பொத்தானை அமுக்கினாள்.

காகிதம் வந்தது. அவள் முதல் கோட்டைப் பார்த்தாள். மேலே எழ வேண்டிய அலைகள் எல்லாம் கீழே தொங்கின. அன்று வந்த அதே படம்.

மறுபடியுமா?

மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு வலதில்தான் இருந்தது. மஞ்சள் இடதில். விரலால் வயரைத் தடவிக்கொண்டே மெஷின் வரை போனாள். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனாலும் அவள் மனம் வயரைத்தான் நம்பவில்லை. போன வாரம்தான் புது கேபிள் மாற்றினார்கள். உள்ளே மாற்றிக் கோர்த்திருப்பார்களோ என்னவோ. சூடு கண்ட பூனை அவள். சிவப்பைக் கழற்றி இடதில் மாட்டினாள், மஞ்சளை வலதில். மறுபடி அமுக்கினாள்.

இப்போது முதல் கோடு அழகாக நிமிர்ந்து வந்தது.

"அப்பாடா," என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை ஐயா. வயர்."

கை கால் வயர்கள் தந்த கோடுகள் ஊரில் யாருடையதைப் போலவும் இருந்தன. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சுக் கோடுகளில் முதல் இரண்டில் மட்டும் ஒரு சின்ன மேடு. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

"எங்க, கண்ணாடி?" ஓட்டுநரின் கை சாவிக்குப் போயிருந்தது.

தெருமுனைக்கே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ம்மா," என்றார் தையற்காரர். குரலில் கிண்டல் இல்லை. "அவன் இன்னும் வரல. பாக்ஸ் மேலயேதான் இருக்கு."

அவர் உதடு சாம்பலாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு காகிதத்தை மறுபடி எடுத்தாள்.

நெஞ்சுக் கோடுகள் ஆறு. முதல் ஸ்டிக்கர் நடுநெஞ்சுக்கு வலது ஓரத்தில் இருக்கும், ஆறாவது இடது அக்குளுக்குக் கீழே. வழக்கமாக அங்கே போகப் போக அலைகள் உயரும். கொட்டு அடிக்கும் இடத்தை நோக்கி நடப்பது போல. இங்கே போகப் போகக் குறைந்தன. ஐந்தாவது முனகியது. ஆறாவது ஏதோ ஒப்புக்குக் கீறியிருந்தது.

கொட்டுக்கு முதுகைக் காட்டி நடப்பது போல.

மணிக்கட்டு வயரை எப்படி மாற்றி மாட்டினாலும் நெஞ்சுக் கோடு இப்படி ஆகாது. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். பல நாள் படுக்கையில் அந்தப் பழைய தப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் அவள். அந்தத் தப்பால் என்னென்ன ஆகும், என்னென்ன ஆகாது என்பது அவளுக்கு மனப்பாடம்.

இது அவள் செய்யக்கூடிய தப்பு இல்லை.

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். இடது மார்பில் வைத்தாள். சத்தம் வந்தது. வந்தது என்றால், சுவருக்கு அப்பால் யாரோ நடப்பது போல. பக்கத்து வீட்டுக்காரர் நடப்பது போல.

மெல்ல நகர்த்தினாள். நடு எலும்பைத் தாண்டினாள். யாரும் போகாத பக்கத்தில் இறங்கினாள். வலது மார்புக் காம்புக்குக் கீழே வைத்தாள்.

அங்கே இருந்தது.

காது நிறைய அடித்தது. வேகமாக, களைத்து, நிற்காமல். கதவைத் தட்டுகிறவன் உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுவது போல.

அவளுக்குத் தெரு மறைந்துபோனது. எத்தனையோ நெஞ்சுகளில் காது வைத்திருக்கிறாள். புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறாள், அபூர்வம் என்று. அந்த வரி இப்போது கழுத்தில் அளவு நாடாவோடு கட்டிலில் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயது தாண்டிய மனிதர். ஓடியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், கல்யாணம் செய்திருக்கிறார், ஊருக்கே சட்டை தைத்திருக்கிறார். இந்த இதயம் யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனைக்கும் ரத்தம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தாள்.

"அண்ணா, என்ஜினைப் போட்டுடாதீங்க. இன்னொண்ணு எடுக்கணும்."

"இன்னொண்ணா?" மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "என்னங்க இது, ஸ்டூடியோவா? உசுரு போயிட்டிருக்கு, படம் படமா எடுக்கறீங்க!"

"அம்மா," என்றார் ஓட்டுநர், "அந்தப் பொண்ணு ஒரு படத்தை மூணு தடவை எடுத்தா, அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

அவள் ஸ்டிக்கர்களை உரித்து வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதே எலும்புகள், அதே இடைவெளிகள், எதிர்ப்பக்கம். அவளுடைய விரல்கள் தடுமாறின. இந்தப் பாதையில் அவை போனதே இல்லை.

"அந்தப் பக்கம் எதுக்கும்மா ஒட்டறீங்க?"

"ஐயா, உங்க இதயம் வலது பக்கம் இருக்கு."

தையற்காரர் கண்ணைச் சிமிட்டினார். "எப்பப் போச்சு?"

"எங்கயும் போகல. பொறந்ததுல இருந்தே அங்கதான் இருக்கு. இதுக்கு முன்னாடி யாரும் பார்த்துச் சொல்லலையா?"

"ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாத்தானே சொல்லுவாங்க." சற்று நேரம் கூரையைப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா பாக்கெட்டைத் தப்பான பக்கம் வச்சுத் தச்சிருக்கேன்."

"உங்க சட்டைக்கு மட்டும்தான் தப்பு. இப்ப அசையாதீங்க."

அமுக்கினாள்.

இந்த முறை காகிதத்தில் அலைகள் போகப் போக வளர்ந்தன. கொட்டை நோக்கி நடந்தன. நடுவில் மூன்று கோடுகளில், அலை எழுந்து இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவே இல்லை. குன்று போல மேலேயே நின்றது. சின்ன மேடு அல்ல. இதயத்தின் முன்சுவர் முழுக்க ரத்தமில்லாமல் தவிக்கிறது என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கழுத்து சிலிர்த்தது. இப்படி ஒரு படம் கிடைத்ததில் சந்தோஷப்படுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

படத்தை அனுப்பிவிட்டு இதய மருத்துவமனைக்குப் போன் போட்டாள். அதே டாக்டரம்மா.

"கண்ணாடியா? சொல்லு. முதல் கோடு சரியா இருக்கு. ஆனா நெஞ்சுக் கோட்டை வலது பக்கம்னு எழுதியிருக்கே?"

"டாக்டர், ரெண்டையும் வேணும்னுதான் மாத்தி வச்சேன். இதயமே அந்தப் பக்கம்தான் இருக்கு."

போனில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"எப்படிச் சொல்ற?"

"காது வச்சுக் கேட்டேன். மாத்தாம எடுத்த படமும் அனுப்பியிருக்கேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. திட்டு விழப் போகிறது என்று அவள் காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ. டாக்டரம்மா மூச்சை உள்ளே இழுத்தார். திருவிழாவில் முதல் வாணத்தைப் பார்த்த குழந்தை இழுப்பது போல.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒண்ணுகூட வந்ததில்லை," என்றார். பிறகு குரல் பழையபடி ஆனது. "கீழ அவசரப் பிரிவுல நிறுத்தாதே. நேரா மேல கொண்டு வா. ஷாக் பட்டையையும் பக்கம் மாத்தி ஒட்டி வை, வழியில இதயம் நின்னுட்டா தேவைப்படும்."

"ஒட்டிட்டேன் டாக்டர்."

"அப்ப ஏன் இன்னும் பேசிக்கிட்டிருக்கே?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், அண்ணா," என்றாள் ஓட்டுநரிடம்.

என்ஜின் உறுமியது. சைரன் எழுந்தது. தெருமுனை ஆஸ்பத்திரி இடப்பக்கம் வந்து பின்னால் போனது. மனைவி திரும்பி அதைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார்.

"என்னமோ சொன்னீங்களே, எங்க இருக்குன்னு?"

தையற்காரர்தான் பதில் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "நெஞ்சே இல்லாத ஆளுன்னு திட்டுவியே. இருக்காம். வீடு மாறி உக்காந்திருக்காம்."

மனைவி சிரித்தார். பாதியில் அது அழுகையானது. ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துண்டை எடுத்து நீட்டினார்.

பாலத்தின் நடுவில் தையற்காரரின் பேச்சு நின்றது. அவள் ரத்த அழுத்தம் பார்த்தாள். நாக்கடியில் நெஞ்சுவலி மருந்தை ஸ்பிரே அடித்தாள். மற்றபடி செய்ய ஒன்றுமில்லை. இடது கையைத் தன்னையறியாமல் அவருடைய வலது மார்பில் வைத்துக்கொண்டாள். ஸ்டிக்கர்களுக்கும் வயர்களுக்கும் நடுவில், உள்ளங்கைக்கு அடியில், அது துள்ளிக்கொண்டே இருந்தது. நின்றுவிடாதே என்றாள். இதுவரை யாரும் உன்னைக் கவனிக்கவில்லை. இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறோம். இப்போது போய் நின்றுவிடாதே.

நிற்கவில்லை.

இதய மருத்துவமனையின் மேல்மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் டாக்டரம்மா நின்றிருந்தார். பச்சை உடை, ஈயக் கவசம், எல்லாம் தயார். ஆனாலும் ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே தன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வலது மார்பில் வைத்தார். மூன்று நான்கு எட்டுதான். அவசியமில்லை, படமே எல்லாம் சொல்லிவிட்டது. அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தன் முகமும் வண்டியில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"திரையில படத்தைத் திருப்பிப் போடுங்க," என்றார் டாக்டரம்மா உள்ளே இருந்தவரிடம். "இல்லன்னா என் கை குழம்பிடும்."

கீழே ஓட்டுநர் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். அவள் சிகிச்சை அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டாள்.

திரையில், ரத்தக்குழாய்களுக்குள் செலுத்திய கறுப்பு மை ஓடியது. இலை உதிர்ந்த மரம் போல ஒன்று கிளைவிட்டு அசைந்தது. பெரிய கிளையொன்று பாதியில் நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல். டாக்டரம்மா மயிரிழை போன்ற கம்பியை அங்கே கொண்டுபோனார். முட்டியது. பின்வாங்கியது. மறுபடி போனது. பிறகு மை மறுபடி ஓடியபோது, இல்லாத கிளை இருந்தது. அதிலிருந்து குச்சிகள், குச்சிகளிலிருந்து நரம்பு போல இன்னும் சின்னவை, நுனி வரைக்கும். ஒரு மரம் ஒரு மூச்சில் துளிர்த்தால் அப்படித்தான் இருக்கும். உள்ளே யாரோ, "அட," என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே அவளும் அதைத்தான் சொன்னாள்.

வெளியே வந்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "உள்ளே எல்லாமே அப்படித்தான். கல்லீரல் இடது, இரைப்பை வலது. ஒண்ணுகூட ஒண்ணோட இடிச்சுக்கல." கொஞ்சம் நின்றார். "எதிர்ப்பக்கம் போற ரோட்டுல வண்டி ஓட்டின மாதிரி இருந்துச்சு. நல்லா வந்துடுவாரு. நீ தெருமுனையில இறக்கியிருந்தா..."

"இறக்கத்தான் பார்த்தேன் டாக்டர். வாய் வரைக்கும் வந்துடுச்சு."

டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நோயாளிகள் கண்விழிக்கும் அறையில் தையற்காரருக்கு முகத்தில் நிறம் வந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மனைவி கட்டில் ஓரத்தில் நின்றார். அந்தப் பட்டன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியில கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"ஆம்புலன்ஸ்ல யார்தான் கத்தல? விடுங்க."

"கல்யாணமான புதுசுல," என்றார் மனைவி. பிறகு நிறுத்தினார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "எல்லாரும் சொல்லுவாங்களே, புருஷன் நெஞ்சுல சாஞ்சா அந்தச் சத்தம் கேக்கும்னு. நானும் காது வச்சுப் பார்த்தேன். ஒண்ணும் பெருசா கேக்கல. நமக்கு வாய்ச்சது இவ்வளவுதான்னு விட்டுட்டேன். அப்புறம் புள்ளைங்க, கடை, எங்க நேரம்?" பட்டனை உருட்டினார். "எந்த இடம்னு காட்டறீங்களா?"

அவள் மனைவியின் கையைப் பிடித்து, போர்வையைக் கொஞ்சம் விலக்கி, இடத்தைக் காட்டினாள். மனைவி கையை வைத்தார். உடனே எடுத்தார், சுட்டது போல. மறுபடி வைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வயர்களை ஒதுக்கி, குனிந்து காதை வைத்தார்.

அவள் நகர்ந்திருக்க வேண்டும். கீழே வண்டி காத்திருந்தது. நகரவில்லை.

தையற்காரர் கண்ணைத் திறந்து, தன் நெஞ்சில் இருந்த தலையைப் பார்த்தார்.

"என்ன, ஓடுதா?"

"சும்மா இருங்க," என்றார் மனைவி. "கேட்டுக்கிட்டிருக்கேன்."